பூவிலா, டேங்கிலா? பி.டி. பருத்தி வயலோரத்துத் தேன்பெட்டிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடிப் பக்கம் போகப் போக மண் நிறம் மாறும். கரிசல் ஓய்ந்து செவல் தொடங்குகிற பட்டையில் என் மாமாவுக்கு இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். தை முடிந்ததும் அதில் இறவைப் பருத்தி போடுவார். விதை பி.டி., அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றியது. வேலிக்கு அந்தப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம், அதன் நிழலில் பன்னிரண்டு தேன்பெட்டிகள். பெட்டிக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதக் காலையில் அவரிடமிருந்து போன். "தம்பி, ஈ பூரா வாசல்ல செத்துக் கெடக்கு. ஒங்க மாமா போட்ட பிடி பருத்திதான். நீ பூச்சிப் படிப்புப் படிச்சவன்லா, வந்து பாரு. பொறவு பேசுவோம்."

நான் ஒரு தரப்பின் மருமகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்கும் அது தெரியும். தெரிந்தும் என்னைத்தான் கூப்பிட்டார். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

பெட்டி வாசலில் பார்த்தது

மதியம் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டில் ஏழு பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் வளர்ந்த வேலைக்கார ஈக்கள். பல ஈக்களுக்கு நாக்கு வெளியே நீட்டியிருந்தது. உயிரோடு இருந்த சில, மண்ணில் மல்லாந்து கால் உதறிச் சுற்றிக்கொண்டிருந்தன. எறும்பு வரிசை வந்துவிட்டிருந்தது. ஆனால் எறும்பு வந்ததால் ஈ சாகவில்லை, ஈ செத்ததால் எறும்பு வந்திருக்கிறது என்பது வரிசையின் ஒழுங்கைப் பார்த்தாலே தெரிந்தது.

அடைகளைத் தூக்கிப் பார்த்தோம். நம்மூர்ப் பொந்துத் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1991–92 வாக்கில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவிப் பெட்டிகளைக் காலி செய்தது. மார்த்தாண்டம் பக்கம் அதில் நொடித்துப்போனவர்கள் ஏராளம். அந்த நோய் என்றால் சாவது புழு. அறைக்குள்ளேயே தண்ணீர்ப் பை மாதிரி ஊதி, தலை தூக்கிய நிலையில் செத்துக் கிடக்கும். இங்கே புழு அறையில் புழுக்கள் வெள்ளையாக, வளைந்து, உயிரோடு இருந்தன. மெழுகு அந்துப்பூச்சியின் நூலாம்படையும் இல்லை. பட்டினி என்றால் ஈக்கள் அறைக்குள் தலையை விட்டபடி செத்திருக்கும், தேனும் இருக்காது. இங்கே மேலறையில் கொஞ்சம் தேன் இருந்தது. ராணியும் இருந்தாள்.

ஆக, நோய் இல்லை, பசி இல்லை. வெளியே போய் வந்த ஈக்கள் மட்டும், ஒரே நாளில், கொத்தாகச் செத்திருக்கின்றன. வெளியே எதையோ தொட்டிருக்கின்றன அல்லது குடித்திருக்கின்றன. அந்த நேரம் எலுமிச்சையில் பூ குறைவு. சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கு எட்டியவரை பூத்திருந்தது மாமாவின் பருத்தி ஒன்றுதான்.

அண்ணாச்சியின் குற்றச்சாட்டு அதனால் அபத்தமானது அல்ல. "புழு தின்னாச் செத்துரும்னு வெதக்காரனே சொல்லுதான். அப்போ ஈ குடிச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு முகத்தைச் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பூவில் இருந்திருக்குமா?

பி.டி. என்பது பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கம். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் பட்டுப்புழுக்கள் ஏன் திடீரென்று சாகின்றன என்று தேடும்போது அகப்பட்டது. 1911இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து பெர்லினர் அதை மறுபடி கண்டெடுத்தார். அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. நன்மை செய்யும் பூச்சிகளுக்கு ஒரு பட்டியல் போட்டால் பட்டுப்புழுவும் அதில் வரும். அதைக் கொன்றுதான் இந்த பாக்டீரியாவே அறிமுகமாகியிருக்கிறது. மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் பி.டி. நுண்ணுயிர் மருந்தைத் தெளிக்கக் கூடாது என்பது இதனால்தான். எனவே 'பி.டி. யாரையும் ஒன்றும் செய்யாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. யாரை என்ன செய்யும் என்று பிரித்துத்தான் பேச வேண்டும்.

பாக்டீரியா உண்டாக்கும் 'கிரை' என்ற புரதம்தான் விஷம். இந்தப் புரதத்தில் பல வகை உண்டு. பருத்திக்குள் வைத்திருப்பவை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வம்சத்துப் புழுக்களைத் தாக்கும் வகைகள். புழுவின் குடல் நல்ல காரத்தன்மை உள்ளது. அங்கே புரதம் கரைந்து, குடல் நொதிகளால் வெட்டுப்பட்டு, குடல் சுவரில் அதற்கென்றே அமைந்த இடங்களில் ஒட்டிக்கொண்டு துளை போடுகிறது. புழு தின்பதை நிறுத்தி, சில நாளில் சாகிறது. தேனீயின் குடலில் அந்தக் காரமும் இல்லை, ஒட்டுகிற இடமும் இல்லை. தேனீக்களுக்கு நேரடியாகக் கிரை புரதத்தை ஊட்டிப் பார்த்த 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் அலசினார்கள். புழுப் பருவத்திலும் சரி, வளர்ந்த பருவத்திலும் சரி, உயிர்ப்பிழைப்பில் பாதிப்பு தெரியவில்லை.

அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறவில்லை. ஏறியது வேறொன்று. மெழுகு அந்துப்பூச்சி அவருடைய ஜென்ம விரோதி. வெளிநாடுகளில் அந்தப் புழுவைக் கொல்லத் தேனீ வளர்ப்பவர்களே இதே பாக்டீரியாவின் இன்னொரு வகையை அடைகளில் தெளித்து வைக்கிறார்கள் என்றேன். "அடையிலயா? ஈ இருக்கிற அடையிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பருத்தியின் பக்கமிருந்தும் பார்க்கலாம். தேனீ பருத்திக்கு வருவது பெரும்பாலும் தேனுக்காக. பருத்தி மகரந்தம் பெரிய உருண்டை, மேலெல்லாம் முள். தேனீ அதைக் காலில் உருட்டிக் கட்ட விரும்புவதில்லை. மகரந்தத்தில் உள்ள புரதமோ மிகக் குறைவு. அதோடு, இதே மாமா இதே வயலில் வருடக்கணக்காகப் பி.டி. பருத்திதான் போடுகிறார். பெட்டிகளும் அங்கேயேதான் இருந்தன. முந்தின வருடங்களில் பூத்த பூ கொல்லாமல் இந்த வருடப் பூ மட்டும் ஒரே காலையில் கொன்றது என்றால், காரணம் விதையில் இருக்க முடியாது. அந்தக் காலையில்தான் தேட வேண்டும்.

அந்தக் காலை

மாமாவிடம் நேரடியாகக் கேட்டேன். "நேத்து மருந்து அடிச்சீங்களா?"

"அடிச்சேன் மருமவனே. ஏன், அதுக்கென்ன?"

எப்போது என்றதற்கு, ஏழரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடித்தோம் என்றார். பவர் ஸ்பிரேயருக்கு ஆள் அந்த நேரத்துக்குத்தான் கிடைத்தானாம். பருத்திப் பூ காலையில்தான் விரியும். வெளிர் மஞ்சளாக ஒரே ஒரு நாள் விரிந்திருந்து, மறுநாள் சிவந்து சுருங்கிவிடும். அந்த ஒரு நாளில் தேனீ அதிகம் வருவது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. மருந்து அடித்த நேரத்தையும் ஈ வந்த நேரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஈ வந்த நேரம் முழுவதும் மருந்து அடித்த நேரத்துக்குள் அடங்கிவிடும்.

வரப்போரத்தில் காலி டப்பாக்கள் கிடந்தன. ஒன்று இமிடாகுளோபிரிட், இன்னொன்று அசிபேட். மருந்துக்கடையில் இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார்களாம். கடைக்காரர் கெட்டவர் இல்லை. 'எல்லாப் பூச்சிக்கும் கேக்கும்' என்பதுதான் அங்கே விற்பனைப் பேச்சு, அந்தப் பேச்சு உண்மையும்கூட. எல்லாப் பூச்சிக்கும் கேட்டது.

இமிடாகுளோபிரிட் ஒரு தேனீயைக் கொல்ல நானோகிராம் கணக்கு போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதையும் இதன் கூட்டாளிகள் இரண்டையும் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். மாமா டப்பாவில் இருந்த முக்கோணத்தைக் காட்டி, "செவப்பு இல்லையே, ஆபத்து கொறச்சல்தானே?" என்றார். இந்த முக்கோணம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று டப்பாவில் போடுகிற நிறம், மருந்து எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு விஷம் என்ற கணக்கில் வைத்தது. அடிக்கிற மனிதனுக்கான எச்சரிக்கை அது. தேனீக்கு அது எதுவும் சொல்லாது. இதை மருந்துக்கடைச் சுவரில் பெரிதாக எழுதிப் போடலாம். யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த ஆய்வின் ஓட்டை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். செத்த ஈக்களைச் சேகரித்து மருந்து எச்சம் சோதிக்க நான் அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேண்டும். மறுநாள் யோசனை வந்தபோது எறும்பு வேலையை முடித்துவிட்டது. ஆகவே என் முடிவு அறிகுறிகளையும் நேரத்தையும் வைத்துச் சொல்வது, ரசாயனச் சோதனையில் வந்தது அல்ல.

மருந்து படாத ஐந்து வரிசை

மாட்டுத் தொழுவத்தை ஒட்டி மாமா கோ-4 புல் போட்டிருந்தார். மாடு தின்கிற புல்லில் மருந்து பட்டுவிடும் என்று, அதற்கு அடுத்த ஐந்து வரிசைப் பருத்தியை எப்போதும் விட்டுவிடுவார். அதே விதை, அதே விதைப்பு நாள், அதே தண்ணீர், அதே உரம். மருந்து மட்டும் இல்லை. இப்படி ஓர் ஒப்பீட்டை நான் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

அங்கே இலையைத் திருப்பினால் கண்கொள்ளாக் காட்சி. மயிரிழை நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்த மாதிரி கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். முதலைக்குட்டி போன்ற பொறிவண்டுப் புழுக்கள், செடியின் சாறு உறிஞ்சும் அசுவினிக் கூட்டத்துக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. சில அசுவினிகள் உப்பிப் பழுப்பேறி இலையோடு ஒட்டிக் கிடந்தன. உள்ளே குட்டிக் குளவி வளர்ந்து, முதுகில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியேறியிருந்தது. சிலந்திகள், கும்பிடுபூச்சி ஒன்று, இலை நடுநரம்பின் அடியில் சுரக்கும் தேனை நக்க வந்த எறும்புகள். பருத்திக்குப் பூவில் மட்டுமல்ல, இலையடியிலும் தேன் சுரக்கும். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு அது சாப்பாட்டுக் கடை.

மருந்தடித்த பக்கம் இலையடி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அசுவினி இல்லை, பொறிவண்டும் இல்லை. மாமாவுக்கு அது பெருமை. பதினைந்து நாள் கழித்துப் போனபோது அங்கே வெள்ளை ஈ பறந்துகொண்டிருந்தது. பொறிவண்டு திரும்பியிருக்கவில்லை. தின்கிறவன் முதலில் வருவான், தின்கிறவனைத் தின்கிறவன் பிறகுதான் வருவான். அந்த இடைவெளியில் சம்சாரி அடுத்த மருந்து டேங்க்கை நிரப்பிவிடுகிறார்.

அந்த ஐந்து வரிசை ஓரத்தில் இருந்தது, பக்கத்தில் புல் இருந்தது. பூச்சி கூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 'பி.டி. செடியில் நன்மை செய்யும் பூச்சி தங்காது' என்ற பேச்சை மறுக்க அது போதும். தங்கியிருந்தன, குட்டி போட்டிருந்தன.

உலகம் முழுவதும் இந்தக் கேள்வி சுற்றி வந்த விதமும் ஏறக்குறைய இதே மாதிரிதான். 1998இல் சுவிட்சர்லாந்தில் பி.டி. மக்காச்சோளம் தின்ற புழுக்களைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கு ஊட்டினார்கள், அவை அதிகம் செத்தன. பெரிய பரபரப்பு. பிறகு 2004இல் அந்தப் புரதத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து நேரடியாகக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. செத்துக்கொண்டிருந்த சவலைப் புழு சத்தில்லாத தீனி, அதைத் தின்றவை நலிந்தன என்று தெரிந்தது. விஷம் சாப்பிட்டுச் சாவதும் சோறு சரியில்லாமல் சாவதும் வேறு வேறு. ஆனால் பூச்சியின் பக்கமிருந்து பார்த்தால் சாவு ஒன்றுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2007இல் 'சயின்ஸ்' இதழில் 42 வயல் ஆய்வுகளைச் சேர்த்து ஓர் அலசல் வந்தது. அதில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற இடம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான். பூச்சிக்கொல்லி அடித்த சாதாரணப் பயிரோடு ஒப்பிட்டால் பி.டி. வயலில் இதர பூச்சிகள் அதிகம். மருந்தே அடிக்காத சாதாரணப் பயிரோடு ஒப்பிட்டால் சில இனங்கள் பி.டி. வயலில் குறைவு. ஆதரிக்கிறவர்கள் முதல் வரியை மட்டும் படிக்கிறார்கள், எதிர்க்கிறவர்கள் இரண்டாவதை மட்டும். சீனாவில் 36 இடங்களில் 1990லிருந்து 2010 வரை எடுத்த கணக்கும் முதல் வரியின் பக்கம்தான் நிற்கிறது. பி.டி. பருத்தி வந்து மருந்து குறைந்தபின் பொறிவண்டு, கண்ணாடி இறக்கை, சிலந்தி மூன்றும் பெருகி, அசுவினி குறைந்தது.

குறைகிற இனங்கள் எவை என்றால், காய்ப்புழுவையே நம்பி வாழ்கிறவை. காய்ப்புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும் கேம்போலெட்டிஸ் குளவிக்கு, புழு குஞ்சிலேயே செத்துவிட்டால் தொட்டில் இல்லை. இது பி.டி.யின் நிஜமான பாதிப்பு, மறைக்க ஒன்றுமில்லை. மருந்தடித்துப் புழுவைக் கொன்றாலும் அந்தக் குளவிக்கு அதே கதிதான், கூடவே குளவியும் செத்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டேங்க் ஏன் வந்தது

இந்த இடத்தில் கோப்பை மூடிவிடலாம். பி.டி. விடுதலை, மருந்து குற்றவாளி, மாமா உடந்தை. அண்ணாச்சியிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "புழுவுக்கு மருந்தே வேண்டாம்னுதானே அந்த வெதய வித்தான்? பொறவு எதுக்குடே ஒங்க மாமா பூவுல மருந்து அடிச்சான்?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மாமா இரண்டு காரணம் சொன்னார். தத்துப்பூச்சியும் இலைப்பேனும் ஒன்று. இரண்டாவது, சில பூக்கள் விரியாமல் இதழ் ஒட்டிச் சுருண்டிருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே சின்னப் புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு. காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது, பூவிலேயே அடித்தால்தான் உண்டு என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அது பாதிக்கு மேல் சரியும்கூட.

தத்துப்பூச்சி சாறு உறிஞ்சுவது. கிரை புரதம் அதை ஒன்றும் செய்யாது. நம் பழைய கருங்கண்ணிப் பருத்தி சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஓரளவு தாங்கி நிற்கும். ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக 'டின்னிவெல்லி காட்டன்' என்ற பெயரில் கப்பலேறியது கருங்கண்ணியும் உப்பமும் கலந்த பருத்திதான். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இன்றைக்கும் அந்த வம்சத்தில் ரகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் இழை குட்டை, ஆலைக்காரர் விலை கொடுக்க மாட்டார். நீள இழைக்காக நாம் அமெரிக்க வம்சத்துக்கு மாறினோம், அதோடு தத்துப்பூச்சிக்கு மருந்தும் வந்து சேர்ந்தது. பி.டி. விதை மருந்து பூசிய நிறத்தோடேதான் பாக்கெட்டில் வருகிறது. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை அது தாங்கும். பிறகு டேங்க்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் கதை இன்னும் சங்கடமானது. 2002 மார்ச்சில் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது, தமிழ்நாட்டுக்கும் சேர்த்து. அப்போது ஒரே ஒரு கிரை புரதம். 2006இல் இரண்டு புரதம் உள்ள 'பால்கார்டு-2' வந்தது. 2010இலேயே குஜராத்தில் இந்தப் புழு முதல் புரதத்துக்குப் பழகிவிட்டது உறுதியானது. ஐந்தாறு வருடத்தில் இரண்டையும் தாங்கிக்கொண்டது.

இப்படி நடக்கும் என்பது முதலிலிருந்தே தெரிந்ததுதான். அதற்காகத்தான் அப்போதெல்லாம் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும் ஒரு பாக்கெட்டாக வந்துகொண்டிருந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை அதை நட வேண்டியிருந்தது. அங்கே பழகாத புழுக்கள் வளர்ந்து, பழகிய புழுக்களோடு கூடி, அந்தக் குணத்தைக் கரைத்துவிடும் என்பது ஏற்பாடு. மாமா வீட்டுத் தொழுவத்துச் சட்டத்தில் அந்தப் பாக்கெட்டுகள் மூன்று தொங்கிக்கொண்டிருந்தன. பிரிக்கவே இல்லை. "புழுவுக்குன்னு யாராவது வெள்ளாம வைப்பாவளா மருமவனே?" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரண்டரை ஏக்கர்க்காரரிடம் ஊருக்குப் பொதுவான நன்மைக்காகச் சொந்த வரிசையைப் புழுவுக்கு விடச் சொல்கிறோம், அது ஏன் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, காசும் கொடுக்கவில்லை.

இன்னொன்று, நம் நாட்டில் பி.டி. பருத்தி அநேகமாக எல்லாமே வீரிய ஒட்டு. ஒட்டுச் செடியின் காய்க்குள் விதைக்கு விதை குணம் பிரியும். ஒரு காயிலேயே சில விதையில் இரண்டு புரதமும், சிலவற்றில் ஒன்று மட்டும், சிலவற்றில் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். காய்க்குள் விதை விதையாகத் தின்று வளரும் புழுவுக்கு இது கொஞ்சம் கொஞ்சமாக விஷம் பழக்குகிற பள்ளிக்கூடம். முதல் சில வருடங்கள் நிஜமாகவே காய்ப்புழு மருந்து குறைந்தது, அதை நானே கண்ணால் பார்த்தேன். பிறகு திரும்பி வந்தது. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கேசவ் கிராந்தியும் அமெரிக்க மானுடவியலாளர் கிளென் ஸ்டோனும் 2020இல் 'நேச்சர் பிளாண்ட்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின்படி, பி.டி. வருவதற்கு முன்பு செலவழித்ததைவிட இப்போது விவசாயிகள் பூச்சிக்கொல்லிக்கு அதிகம் செலவழிக்கிறார்கள்.

ஆகவே அண்ணாச்சிக்கு என் திருத்திய பதில் இது. விஷம் பூவில் ஊறியது அல்ல, டேங்கிலிருந்து வந்தது. ஆனால் அந்த டேங்க் பூக்கும் பருவத்தில் வயலுக்குள் வந்ததற்கு, விதையைக் கையாண்ட விதமும் ஒரு காரணம். அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

மாவுப்பூச்சிக் காலத்தில் நடந்ததையும் மாமாவுக்கு நினைவூட்டினேன். 2006ஐ ஒட்டிய வருடங்களில் பருத்திச் செடியெல்லாம் மாவு பூசிக்கொண்டு நின்றது. வெளியிலிருந்து வந்த பூச்சி, வரப்போரத் துத்தியிலிருந்து செம்பருத்தி வரை ஒன்றையும் விடவில்லை. எத்தனையோ மருந்து அடித்தும் கேட்கவில்லை, மாவுக்கு மேல் ஒட்டாது. பிறகு ஈனேசியஸ் என்ற ஒரு குட்டிக் குளவி, யாரும் கொண்டுவந்து விடாமல் தானாகவே பெருகி அதை அடக்கியது. 2009 வாக்கில்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். கடுகைவிடச் சின்னது. அந்த வருடங்களில் டேங்க்கை அதிகம் தூக்கியவர்கள் அந்தக் குளவியையும் சேர்த்துத்தான் கொன்றிருப்பார்கள்.

எருக்கஞ்செடி

வேலியோரம் எருக்கு நின்றது, அதில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வரிவரியாக. இதைப் பார்த்ததும் மோனார்க் ஞாபகம் வந்தது. வெந்தய வரியன் அமெரிக்க மோனார்க்கின் பங்காளி, இரண்டும் எருக்கு வகைப் பால்செடிகளில்தான் முட்டை வைக்கும். 1999இல் பி.டி. மக்காச்சோள மகரந்தம் தூவிய இலையைத் தின்ற மோனார்க் புழுக்களில் 44 சதவீதம் நான்கு நாளில் செத்தன என்று 'நேச்சர்' இதழில் வந்தது. அடுத்த இரண்டு வருடம் வயலில் அளந்து பார்த்து, அந்த அளவுக்கு மகரந்தம் செடியில் படிவதில்லை, ஒரே ஒரு பழைய ரகத்தைத் தவிர ஆபத்து மிகக் குறைவு என்று சொன்னார்கள். இங்கே அந்தக் கவலையும் வேண்டாம். மக்காச்சோளம் மகரந்தத்தைக் காற்றில் விடுகிறது. பருத்தியின் மகரந்தம் கனம், பிசுபிசுப்பு. எருக்கிலையில் போய் விழாது.

ஆனால் மோனார்க் உண்மையில் அடிபட்டது வேறு வழியில். களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்று மக்காச்சோளமும் சோயாவும் வந்தபின் வயலுக்குள் இருந்த பால்செடி அழிந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் 1999–2010க்குள் பால்செடி 58 சதவீதமும் அங்கே பிறக்கும் மோனார்க் 81 சதவீதமும் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். பிரிட்டனில் 2003இல் முடிந்த பெரிய வயல் சோதனையிலும் களைக்கொல்லி தாங்கும் சர்க்கரை பீட் வயலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் குறைந்தன. மக்காச்சோளத்தில் மட்டும் நேர்மாறு, காரணம் பழைய களைக்கொல்லி அதைவிடக் கடுமை. களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை அனுமதியில்லாமலே நம் நாட்டில் பல இடங்களில் புழங்குகிறது. மரபணு மாற்றுப் பயிர் என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. புழுவைக் கொல்லும் செடியைவிடக் களைக்கொல்லிக்கு அசையாத செடிதான் எனக்குப் பயம். துத்தியும் குப்பைமேனியும் எருக்கும் போன வரப்பில் எந்தப் பூச்சி இருக்கும்?

அதன் பிறகு

ஏழு பெட்டிகளில் நான்கு மீளவில்லை. வெளி ஈக்கள் போய்விட்டதால் உள்ளே இருந்த இளம் ஈக்கள் முன்கூட்டியே வெளியே கிளம்பின, புழுவைப் பார்க்க ஆளில்லை, அடுத்த வாரத்தில் புழுக்களும் செத்தன. இரண்டு கூட்டங்கள் பெட்டியை விட்டே பறந்துபோயின. நஷ்ட ஈடு பேச்சு வந்து, இரண்டு நாள் முறைத்துக்கொண்டு, கடைசியில் மாமா ஒரு மூட்டைப் பருத்தியின் விலையைக் கொடுத்தார். அண்ணாச்சி வாங்க மறுத்து, பிறகு வாங்கினார்.

ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. பூக்கிற காலத்தில் மருந்து அடிப்பதானால் சாயங்காலம் நாலரைக்கு மேல். முந்தின நாளே சொல்ல வேண்டும். அண்ணாச்சி பெட்டிகளை வேலியிலிருந்து தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றினார். அடுத்த பருவம் மாமா வயலைச் சுற்றித் தட்டைப்பயறு விதைத்தார். அதில் அசுவினி முதலில் வரும், பொறிவண்டு அங்கேயே பெருகிப் பருத்திக்கு இறங்கும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, புழு எண்ணிக்கை பார்த்து அடிப்பது என்று முடிவு. பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளைத் தினமும் எண்ணிச் சுவரில் கரியால் கோடு போடுகிற வேலை அத்தைக்கு வந்தது. அந்தப் பருவம் பூவில் மருந்து அடிக்கவே இல்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு தடவை அடித்தார். இரண்டும் சாயங்காலம்.

இந்த வருடம் பருத்தி இல்லை. விலை சரியில்லை என்று மாமா மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார். அதில் படைப்புழு. 2018இல் நம் நாட்டுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளக்காரர் யாரும் டேங்க்கைக் கீழே வைக்கவில்லை. மக்காச்சோளக் கதிர்ப்பூவில் மகரந்தம் எடுக்கத் தேனீ விடியும்போதே வந்துவிடும். போன வாரம் மாமா போன் செய்து, நாளைக்கு மருந்து என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஆள் எப்போது கிடைக்கிறானோ அப்போது என்றார்.